ஆஃப்செட்டை மாற்றினால் போதுமா? தனிமனித மாற்றமும் நிறுவன மாற்றமும்

பெங்களூர் ஜாலஹள்ளியில் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி.யின் கைக்கடிகார ஆலை 1961இல் தொடங்கியது. தொழில்நுட்பம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடையது. அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்குக் கடிகாரம் என்றாலே எச்.எம்.டி.தான். பத்தாம் வகுப்பு தேறிய பையனுக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் அதுதான் பரிசு. காலையில் எழுந்ததும் சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொண்டால் அன்றைக்கு முழுக்க ஓடும். 2016இல் மத்திய அரசு அந்தக் கடிகார நிறுவனத்தை மூட ஒப்புதல் தந்தது.

பெங்களூரிலிருந்து பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டரில் ஓசூர். 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டனின் ஆலை அங்கேதான் வந்தது. அன்றைய தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முதலிலிருந்தே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களில்தான் முழு கவனம்.

இந்த இரண்டு ஆலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்போது, "எச்.எம்.டி.க்குப் புதுத் தொழில்நுட்பம் தெரியவில்லை" என்று பலரும் முடித்துவிடுவார்கள். அது சரியில்லை. ஜப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எச்.எம்.டி.யும் பின்னால் குவார்ட்ஸ் கடிகாரம் செய்து விற்றது. கருவி கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஆலையின் பலம் முழுக்கச் சாவி கொடுக்கும் கடிகாரத்திலேயே இருந்தது. கடிகாரம் என்றால் மணி பார்க்க, ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் வரவேண்டும் என்ற எண்ணம்தான் அந்த ஆலையை நடத்தியது. டைட்டனோ கடிகாரத்தை உடைக்கும் அலங்காரத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒருவரிடம் இரண்டு மூன்று கடிகாரம் இருக்கலாம், பரிசாகக் கொடுக்கலாம், நல்ல விளக்கு வெளிச்சத்தில் அழகான ஷோரூமில் வைத்து விற்கலாம் என்று யோசித்தது.

ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் வீழ்ச்சியை ஒரே காரணத்தில் அடக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலீட்டு முடிவுகள் அரசின் கையில் இருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரு வேலையை உயிராகப் பழகியிருந்தார்கள். டைட்டனுக்கு அந்தப் பாரம் இல்லை. ஓசூரில் புதிதாக வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு மறக்கவேண்டிய பழைய வேலை என்று எதுவும் கிடையாது. புதிதாகக் கற்பதைவிடப் பழையதை விடுவதுதான் கடினம். மாற்றம் என்று நாம் பேசும் எல்லாவற்றிலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

திருத்துவது ஒன்று, மாறுவது வேறு

1970களில் ஹார்வர்டில் கிறிஸ் ஆர்ஜிரிஸ், எம்.ஐ.டி.யில் டொனால்டு ஷோன் என்ற இரண்டு பேராசிரியர்கள் நிறுவனங்கள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன, ஏன் கற்றுக்கொள்ளாமல் போகின்றன என்று ஆராய்ந்தார்கள். கற்றலை இரண்டாகப் பிரித்தார்கள். தமிழில் ஒற்றைச் சுற்றுக் கற்றல், இரட்டைச் சுற்றுக் கற்றல் என்று சொல்லலாம். இதை விளக்க ஆர்ஜிரிஸ் எடுத்துக்கொண்டது அறை வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை. நம் வீட்டு ஏ.சி.யில் 24 டிகிரி என்று வைத்துவிட்டால், அறை சூடானதும் அது ஓடும், குளிர்ந்ததும் நிற்கும். தவறைக் கண்டுபிடிக்கிறது, சரிசெய்கிறது. இது ஒற்றைச் சுற்று. ஆனால், "24 எதற்கு? ஜன்னலைத் திறந்தால் போதாதா? இந்த அறையில் ஆள் இருக்கிறார்களா?" என்று அது ஒருநாளும் கேட்காது. வைத்த அளவையே கேள்வி கேட்பதுதான் இரண்டாவது சுற்று.

தனிமனிதருக்கும் இது அப்படியே பொருந்தும். "இன்னும் சீக்கிரம் எழுந்து, இன்னும் வேகமாக வேலை பார்க்கவேண்டும்" என்று ஒருவர் தீர்மானிப்பது முதல் சுற்று. "எல்லா வேலையையும் நானே செய்தால்தான் ஒழுங்காக இருக்கும் என்று ஏன் நினைக்கிறேன்?" என்று கேட்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அலாரம் போதும். இரண்டாவதற்குத் தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் ஒரு நம்பிக்கையைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அதனால்தான் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதில்லை.

முதல் சுற்று மட்டம் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க நடக்கும் வேலையில் பெரும்பகுதி அதுதான், அது இல்லாமல் எந்த இடமும் ஓடாது. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வரும்போதும் அதையே செய்துகொண்டிருந்தால்தான் தொல்லை.

பீன்யாவில் ஒரு பட்டறை

ஜாலஹள்ளிக்குப் பக்கத்திலேயே பீன்யா தொழிற்பேட்டை. லேத், மில்லிங், கணினி வழியே இயங்கும் சி.என்.சி. மெஷின் என்று ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த டர்னர்களும் ஃபிட்டர்களும் அங்கே நிறைய. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆர்ஜிரிஸ் சொன்னதை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தது அந்த இடம்தான்.

அவர்கள் செய்த ஜாப் ஒரு சின்ன ஷாஃப்ட். விட்டம் 25 மில்லிமீட்டர். மேலே 0.02, கீழே 0.02 வரை விலகலாம். அதாவது 24.98 முதல் 25.02 வரை இருந்தால் பாஸ். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் அளவு கூடின பீஸ்கள் ஒரு கிரேட் நிறையக் கிடக்கும். எல்லாவற்றையும் திரும்ப மெஷினில் ஏற்றி ஓட்டவேண்டும். டெலிவரி தள்ளிப்போகும், வாடிக்கையாளர் போனில் சத்தம் போடுவார்.

ஓனர் சும்மா இருக்கவில்லை. புது மைக்ரோமீட்டர் வாங்கினார். இரும்பைக் கடையும் வெட்டுமுனையான இன்சர்ட்டில் விலை கூடினதைப் போட்டுப் பார்த்தார். இன்ஸ்பெக்ஷனுக்கு இன்னொரு ஆளை வைத்தார். ஆபரேட்டர்களைக் கூப்பிட்டுத் திட்டினார். அளவு கூடினதும் அவர்கள் ஆஃப்செட்டில், அதாவது டூலின் இடத்தைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண்ணில், இரண்டு புள்ளி குறைப்பார்கள், அடுத்த சில பீஸ் சரியாக வரும், மறுநாள் பழைய கதை. எல்லாம் உழைப்புதான், அக்கறைதான். ஆனால் எல்லாமே முதல் சுற்று.

அப்ரண்டிஸாக வந்த ஒரு டிப்ளமோ பையன், யாரும் சொல்லாமலே ஒரு நோட்டில் காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு பீஸின் அளவையும் எழுதினான். அதைப் பார்த்ததும் ஒன்று தெளிவானது. ஷிஃப்டின் முதல் பீஸே 25.01க்கு மேல்தான் இருந்தது. வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட் தேயத் தேய அளவு கூடும். அப்படியிருக்க, ஆரம்பத்திலேயே மேல் எல்லைக்குப் பக்கத்தில் வைத்தால் மத்தியானத்துக்குள் அளவு தாண்டாமல் என்ன செய்யும்? ஓனர் ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எல்லாரும் ஏன் மேல் பக்கமே செட் பண்றீங்க? நடுவுல வெச்சா என்ன?"

ஃபோர்மேன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "சார், அளவு கூடினா திரும்ப ஓட்டிக்கலாம். குறைஞ்சா ஸ்கிராப். ஸ்கிராப்புக்கு நீங்க சம்பளத்துல பிடிக்கிறீங்கல்ல."

கோளாறின் வேர் மெஷினில் இல்லை, சம்பளப் பட்டியலில் இருந்தது. ஆபரேட்டர்கள் யாரும் கவனக்குறைவாக இல்லை. பிடித்தத்திலிருந்து தப்பிக்க என்ன செய்யவேண்டுமோ அதை மிகக் கவனமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஓனர் போட்ட விதிதான் ஓனரின் டெலிவரியைக் கெடுத்தது.

சரி, விதியை எடுத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த விதிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவரும் சின்ன வயதில் லேத்தில் நின்றவர்தான். பீஸ் கெட்டால் மாஸ்டரிடம் அடி வாங்கி வளர்ந்தவர். பயம் இருந்தால்தான் கை ஒழுங்காக இருக்கும் என்பது அவர் பட்டுப் படித்த பாடம். பிடித்தத்தை எடுப்பது அவருக்கு ஒரு கணக்கை மாற்றுவதாக இல்லை, தன்னை ஆளாக்கியதாக அவர் நம்பும் ஒன்றைப் பொய் என்று ஒப்புக்கொள்வதாக இருந்தது. நிறுவன மாற்றமும் தனிமனித மாற்றமும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான். ஒரு பட்டறை எவ்வளவு தூரம் மாறும் என்பதை அதன் தலையில் இருப்பவர் எதை விடத் தயாராக இருக்கிறார் என்பது பெரிய அளவில் தீர்மானிக்கிறது.

பிடித்தத்தை எடுத்தார். உடனே நடந்தது அவரைக் கலங்கடித்தது: ஸ்கிராப் கூடியது. முன்பு இரும்புச் சுருள் கொட்டும் தொட்டிக்குள் சத்தமில்லாமல் போன பீஸ்கள் இப்போது மேஜைக்கு வந்தன. அந்தச் சில வாரங்களில் "பார்த்தீங்களா, பயம் விட்டுப்போச்சு" என்று சொன்னவர்கள் உண்டு. பழைய விதியைத் திரும்பக் கொண்டுவர அவருக்குக் கை பரபரத்திருக்கும். அவர் பொறுத்துக்கொண்டார். செட்டிங் நடுவுக்கு வந்தது, இன்சர்ட்டை எப்போது மாற்றவேண்டும் என்பதற்கு நோட்டு வழிகாட்டியது, ரீவொர்க் கிரேட் மெல்ல மெல்லக் காலியானது.

இதே விசித்திரத்தை 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் கண்டார். நோயாளிக்கு மருந்து தருவதில் நேரும் தவறுகளை அவர் ஆராய்ந்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது, அங்கே நர்சுகள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பது புரிந்தது. தவறைச் சொன்னால் தலை போகாது என்று ஒரு குழுவில் எல்லோரும் நம்பும் நிலையைத்தான் 1999இல் வெளிவந்த கட்டுரையில் அவர் உளவியல் பாதுகாப்பு என்று விளக்கினார். மாற்றத்தின் தொடக்கத்தில் எண்கள் மோசமானால், நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதுவரை தெரியாமல் இருந்தது தெரிய வந்திருக்கலாம்.

ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான கதை இல்லை. ஸ்பிரிண்ட் என்ற சில வார வேலைச் சுற்று முடிந்ததும், எது சரி எது தப்பு என்று திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ மீட்டிங், பலகையில் வண்ண வண்ணச் சீட்டு, "கம்யூனிகேஷன் இன்னும் நன்றாக இருக்கவேண்டும்" என்று ஒவ்வொரு முறையும் அதே வரி. பக், அதாவது மென்பொருளில் விட்ட பிழை, எத்தனை என்பது அப்ரைசலில் ஏறும் என்றால் யார் தன் பக்கை முன்னால் வந்து சொல்வார்கள்? அது அவர்களுடைய சம்பளப் பிடித்தம்.

ஃபோர்மேனின் பயம்

அதே பட்டறையில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதைப் பற்றி யாரும் மீட்டிங் போடவில்லை. பழைய லேத்கள் போய் சி.என்.சி. வந்தபோது ஃபோர்மேனின் நிலை ஆட்டம் கண்டது. கைப்பிடியைச் சுற்றும் விதத்திலேயே நூறில் ஒரு மில்லிமீட்டரைக் கொண்டுவரக் கூடிய கை அவருடையது. அந்தக் கைக்காகத்தான் பட்டறையில் அவரை எல்லோரும் "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். இப்போது நேற்று வந்த பையன் பட்டனைத் தட்டி அதே அளவைக் கொண்டுவருகிறான். பகல் ஷிஃப்டில் அவர் அந்த கண்ட்ரோல் பேனல் பக்கமே போகமாட்டார். "கண்ணு சரியாத் தெரியல" என்பார்.

எம்.ஐ.டி. பேராசிரியர் எட்கார் ஷைன் இதை அழகாக விளக்கியிருக்கிறார். மாற்றத்தின்போது மனிதனுக்குள் இரண்டு பயங்கள் மோதுகின்றன. மாறாவிட்டால் பிழைக்கமுடியாதே என்பது ஒன்று. கற்றுக்கொள்ளும்போது எல்லார் முன்னாலும் முட்டாளாக நிற்க வேண்டுமே, இதுவரை இருந்த மதிப்பு போய்விடுமே என்பது மற்றொன்று. முதல் பயம் இரண்டாவதைவிடப் பெரிதானால்தான் மனிதன் அசைவான். நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வது முதல் பயத்தை ஏற்றிவிடுவது: "கத்துக்கலைன்னா வேலை போயிடும்." ஷைன் சொன்ன வழி வேறு. இரண்டாவது பயத்தைக் குறையுங்கள், கற்றுக்கொள்ளப் பாதுகாப்பான இடம் கொடுங்கள் என்றார். எனக்கு அவர் சொன்னதில் முழு நம்பிக்கை உண்டு. மிரட்டலில் மாறியவர்கள் மாறியதுபோல நடிக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

பட்டறையில் அது தானாகவே நடந்தது. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த அப்ரண்டிஸ் பையன் மட்டும் நிற்பான். "அண்ணே, இந்த பட்டன்தான். நீங்க அழுத்துங்க, நான் பாக்கறேன்." அவரும் அழுத்தினார். தப்பாகப் போனால் பார்க்க யாரும் இல்லை. கொஞ்ச நாளில் பாடம் இரண்டு பக்கமும் போக ஆரம்பித்தது. மெஷின் ஓடும்போது சத்தத்தைக் கேட்டே, "டூல் அதிருது, ஃபீட் குறைடா தம்பி" என்பார் அவர். சுருளின் நிறத்தைப் பார்த்தே சூடு கூடுகிறதா என்று சொல்வார். பையனுக்கு புரோகிராம் தெரியும், இது தெரியாது. இருந்த திறமை வீணாகவில்லை, வேறு இடத்தில் வேலைக்கு வந்தது.

வில்லியம் பிரிட்ஜஸ் என்பவர் வெளியே நடக்கும் மாற்றத்தையும் மனதுக்குள் அதைக் கடந்துபோவதையும் பிரித்துக் காட்டினார். மெஷின் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். மனதுக்குள் முதலில் ஒன்று முடியவேண்டும், அப்புறம் பழையதும் இல்லாத புதியதும் பிடிபடாத ஒரு இடைவெளி, அதற்குப் பிறகுதான் தொடக்கம். அந்த இடைவெளியில் இருப்பவரைச் சோம்பேறி என்றும் எதிர்ப்பாளர் என்றும் முத்திரை குத்துவதைப் போலக் கொடுமை வேறில்லை.

சொல்வதா, சேர்ந்து முடிவெடுப்பதா

இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் கர்ட் லெவின். ஜெர்மனியிலிருந்து 1933இல் அமெரிக்காவுக்குப் போன உளவியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது நல்ல இறைச்சி படைகளுக்குப் போனதால், ஈரல், இதயம், சிறுநீரகம் போன்றவற்றை வீடுகளில் சமைக்க வைக்கவேண்டியிருந்தது. நம் ஊரில் ஈரல் வறுவலுக்கு யாரையும் கெஞ்சவேண்டாம். அங்கே இல்லத்தரசிகள் முகம் சுளித்தார்கள். லெவின் சில குழுக்களுக்கு நல்ல உரை ஏற்பாடு செய்தார்: சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று எல்லாம் அதில் இருந்தன. வேறு குழுக்களை உட்கார்ந்து பேசவைத்து, கடைசியில் அவர்களையே முடிவெடுக்கச் சொன்னார். பின்னால் விசாரித்தபோது, உரை கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் அதுவரை சமைக்காததைச் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்.

லெவின் வழியில் வந்த கோச், ஃபிரெஞ்சு என்ற இருவர் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் இதையே தொழிலாளர்களிடம் பார்த்தார்கள். 1948இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலைமுறை மாறுகிறது என்று அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாற்றத்தை வடிவமைப்பதில் பங்கெடுத்த குழுக்களில் அந்த நாட்களில் ஒருவரும் போகவில்லை.

நம் நகரத்து அலுவலகங்களில் பல, எழுபது வருடங்களுக்கு மேலாகியும் அந்த முதல் குழுவின் முறையைத்தான் பின்பற்றுகின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில், திங்கட்கிழமை முதல் புது அமைப்பு. சில இடங்களில் ஆட்குறைப்புக்கே மாற்றம் என்று பெயர் வைக்கிறார்கள். அதை ஏற்கவே முடியாது. சம்பளச் செலவு குறைந்தது என்றால் அப்படியே சொல்லட்டும். அதில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வளர்ச்சி எங்கே வருகிறது

டைட்டனுக்குத் திரும்புவோம். கடிகாரத்தில் அதற்கு விடவேண்டிய பழக்கம் இல்லை என்று சொன்னேன். 1990களில் தனிஷ்க் என்று நகைத் தொழிலில் இறங்கியபோது நிலைமை வேறு. தொடக்கத்தில் 18 காரட் தங்கத்தில் கல் பதித்த நகைகள். வடிவம் நன்றாக இருந்தது. நம் மக்களோ நகையை அணிவதோடு சேமிப்பாகவும் பார்ப்பவர்கள், அவர்களுக்குத் தங்கம் என்றால் 22 காரட். வியாபாரம் தள்ளாடியது. விளம்பரத்தைக் கூட்டியிருக்கலாம், விலையைக் குறைத்திருக்கலாம், அதெல்லாம் முதல் சுற்று. அவர்கள் நகை என்றால் என்ன என்று தாங்கள் வைத்திருந்த எண்ணத்தையே மாற்றி 22 காரட்டுக்கு வந்தார்கள். அதோடு, தங்கத்தின் தரத்தை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே அளந்து காட்டும் காரட்மீட்டர் இயந்திரத்தைக் கடைகளில் வைத்தார்கள். பாட்டி காலத்து நகையைக் கொண்டுவந்து சோதித்தவர்களில் பலருக்கு, சொல்லி விற்ற தரம் அதில் இல்லை என்பது தெரிந்தது. இன்று அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்துதான் வருகிறது.

வளர்ச்சி என்பதைப் பலர் கிளை கூடுவது, ஆள் கூடுவது, டர்னோவர் கூடுவது என்றே எண்ணுகிறார்கள். முதல் சுற்றிலேயே அதெல்லாம் நடக்கும், சந்தை நன்றாக இருந்தால். சந்தை திரும்பும்போதுதான் தன் எண்ணத்தையே கேள்வி கேட்கும் பழக்கம் இருக்கிறதா என்பது தெரியும். தனிமனிதருக்கும் அப்படித்தான். நல்ல டர்னர் நல்ல மேற்பார்வையாளர் ஆகவேண்டுமானால், பீஸை நன்றாகச் செய்வதில் கிடைத்த பெருமையை ஓரளவு விட்டுவிட்டு, மற்றவர் நன்றாகச் செய்வதில் பெருமை காணவேண்டும். பதவி உயர்வு கிடைத்தும் பழைய இருக்கையிலேயே வேலை செய்துகொண்டிருக்கும் மேலாளர்களை எல்லா அலுவலகத்திலும் பார்க்கலாம். அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவையில்லை, அந்தப் பழைய பெருமையை விட ஒரு துணை தேவை.

புதிதாக இதைத் தொடங்குகிறவர்கள் பெரிய திட்டம் எதுவும் போடவேண்டாம். உங்கள் இடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு தொல்லையை எடுங்கள். இதுவரை அதற்குச் செய்த மருந்துகளை எழுதுங்கள். எல்லாமே திட்டுவது, ஆள் கூட்டுவது, கருவி வாங்குவது என்று இருந்தால், இன்னும் முதல் சுற்றில்தான் இருக்கிறீர்கள். அடுத்து, அந்தத் தொல்லையை உண்டாக்குகிறவரிடம் "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று குற்றம் சாட்டும் குரலில் கேட்காமல், "இப்படிச் செய்வது உனக்கு எந்த வகையில் நல்லது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் நியாயமான பதில் இருக்கும். அதில் உங்கள் பெயரும் இருக்கலாம். அதைக் கேட்டதும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார், அதனால் அன்றைக்குக் கேட்டுக்கொண்டு மட்டும் வாருங்கள்.

நாளும் பார்த்துத் தொடங்குங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய ஆர்டர் நெருக்கடியிலோ மார்ச் கணக்கு முடிக்கும் அவசரத்திலோ புது முறையை இறக்கினால், எண்கள் சறுக்கும் அந்த முதல் வாரங்களைத் தாங்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஏப்ரல் நடுவில் தொடங்கி, மூன்று மாதத்துக்கு அந்த ஒரு விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதுவரை தினசரி அளவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அந்த நோட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி மெஷின் பக்கத்திலேயே வையுங்கள்.